பெர்த் எண் ஒன்றா, பூஜ்யமா?

பழைய நிரல், புதிய மொழி – 9

சென்ற வாரம் வங்கிகளின் கோபோல் நிரல்களைப் பார்த்தோம். இந்த வாரம் ரயில் ஏறுவோம், பொம்மிடியில்.

ஜோலார்பேட்டை – சேலம் பாதையில், சேர்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிற சின்ன ஸ்டேஷன் அது. ஈரோட்டிலிருந்து சென்னைக்குப் போகும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் இரவில் சேலம் தாண்டி வந்து இங்கே நிற்கும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு ஆஸ்பத்திரிக்கோ, மகள் வீட்டுக்கோ கிளம்பும் ஐம்பது வயது அம்மா ஒருவர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். டிக்கெட்டில் எஸ்4, 33 என்று இருக்கிறது. 33 என்றால் லோயர் பெர்த். மூட்டு வலிக்காரருக்கு அது போதும்.

அந்த 33 எப்படி வந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் ரிசர்வேஷன் என்பது ரிஜிஸ்டர். ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பக்கம். சிறிய ஸ்டேஷன்களுக்கு ஒதுக்கிய கோட்டா ஒரு சில இடங்கள்தான். அது தீர்ந்தால் பெரிய ஸ்டேஷனுக்குத் தந்தி அடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். 1985-இல் டெல்லியில் சோதனை முறையில் கணினி முன்பதிவு தொடங்கியது. சிஎம்சி நிறுவனம் எழுதிய அந்த மென்பொருளின் பெயர் இம்ப்ரெஸ். ஓடியது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில். எழுதிய மொழி ஃபோர்ட்ரான்.

ஃபோர்ட்ரான் 1957-இல் ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு உருவாக்கிய மொழி. விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் கணக்குப் போடுவதற்காகப் பிறந்தது. டிக்கெட் விற்க அதைப் பிடித்தது இன்று விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்குக் கைவந்த மொழி அதுதான். கைவந்ததை வைத்து வேலையை முடித்தார்கள், வேலையும் நடந்தது. டெல்லியைத் தொடர்ந்து மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்கள் வந்தன. சிக்கல் என்னவென்றால் ஐந்தும் ஐந்து தீவுகள். சென்னைக் கணினிக்கு மும்பையிலிருந்து கிளம்பும் வண்டியின் நிலவரம் தெரியாது.

இந்தத் தீவுகளை இணைக்கும் வேலை கிரிஸ் என்ற ரயில்வே தகவல் அமைப்பு மையத்துக்கு வந்தது. 1986-இல் தொடங்கப்பட்ட அமைப்பு அது. அவர்கள் உருவாக்கியது காண்சர்ட். ஃபோர்ட்ரான் கோலோச்சிய இடத்துக்கு சி மொழி வந்தது. 1994-இல் முதலில் செகந்திராபாத்தில் ஓடவிட்டார்கள். மற்ற மையங்களை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். ஐந்தும் ஒரே வலையானது 1999 ஏப்ரலில். முதல் மையத்திலிருந்து முழு இணைப்பு வரை ஏறக்குறைய ஐந்து வருடம். இந்த ஐந்து வருடத்தை நினைவில் வையுங்கள்.

அந்தத் தீவுகளின் தடம் இன்னும் உங்கள் டிக்கெட்டில் இருக்கிறது. பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணில் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 4 அல்லது 5 என்றால் சென்னை மையம். 1 செகந்திராபாத், 2, 3 டெல்லி, 6, 7 கொல்கத்தா, 8, 9 மும்பை.

இப்போது 33-க்கு வருவோம். ஸ்லீப்பர் பெட்டியில் எட்டு பெர்த் ஒரு கூபே. பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1 அல்லது 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லை என்றால் சைடு அப்பர். 33-ஐ எட்டால் வகுத்தால் மீதி 1.

ஃபோர்ட்ரானில் ஒரு பட்டியலை வைத்தால், நாமாக வேறு மாதிரி சொல்லாதவரை, அதன் முதல் இடத்துக்கு எண் 1. சி மொழியில் முதல் இடத்துக்கு எண் பூஜ்யம். மொழி மாற்றுகிறவர் இதில் ஒரே ஒரு இடத்தில் கவனம் தவறினாலும் 33 போய் 34 ஆகிவிடும். மீதி 2. அந்த அம்மா நடுராத்திரியில் மிடில் பெர்த்துக்கு ஏறிக்கொண்டிருப்பார்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த மாதிரித் தவறு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பத்து டிக்கெட் போட்டுப் பார்த்தால் சோதனைக் கூடத்திலேயே பிடிபடும். மொழி மாறும்போது இலக்கணத்தால் வரும் தொல்லைகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். ஒன்று, பூஜ்யம் குழப்பத்தைத் தீர்க்க ஒரு நல்ல புரோகிராமர் போதும்.

சத்தமில்லாத தவறுகள் வேறு இடத்தில் இருக்கின்றன: விதிகளில்.

அதே அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயது. படிவத்தில் அவர் கேட்காவிட்டாலும், இடம் இருந்தால் சிஸ்டம் தானாகவே லோயர் ஒதுக்க வேண்டும். ஏனென்றால் பெண்களுக்கு அந்த வயது வரம்பு 45, ஆண்களுக்கு 60. ஆனால் முதியோர் கட்டணச் சலுகைக்கு வயது வேறு. பெண்களுக்கு 58, ஆண்களுக்கு 60. பெண்களுக்குக் கட்டணத்தில் பாதி, ஆண்களுக்கு 40 சதவீதம் தள்ளுபடி. 2020 மார்ச் 20 முதல் அந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். லோயர் பெர்த் முன்னுரிமை மட்டும் தொடர்கிறது. ஆக, ஒரே பயணிக்கு இரண்டு வயது வரம்பு. அதில் ஒன்று உயிரோடு, மற்றொன்று உறக்கத்தில். புதிதாக எழுத வருகிற இளைஞர் '58' என்ற வரியைப் பார்க்கிறார். பயன்பாட்டில் இல்லாத வரி என்று நீக்கிவிடலாமா? நாளைக்குச் சலுகை திரும்பி வந்தால்?

இதற்கு மேல் கோட்டாக்கள். பொது, பெண்கள், மாற்றுத்திறனாளிகள், ராணுவம், தட்கல். வண்டி கிளம்பும் ஊரில் ஏறுகிறவருக்கு ஒரு வெயிட்டிங் லிஸ்ட், நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவருக்கு வேறு வெயிட்டிங் லிஸ்ட். ஆர்ஏசி. பெட்டியே கூட மாறியது. பெரம்பூர் ஐசிஎஃப் பழைய வகைப் பெட்டி தயாரிப்பதை 2018 ஜனவரியில் நிறுத்தியது. பழைய ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த். அதன் இடத்துக்கு வந்த எல்எச்பி பெட்டியில் 80. நிரலுக்குள் எங்கேயாவது 72 என்று நேரடியாக எழுதி வைத்திருந்தால், அந்த இடங்களை எல்லாம் தேடிப் பிடிக்க வேண்டும்.

பழைய நிரல் என்று நாம் அலட்சியமாகச் சொல்வது உண்மையில் நாற்பது வருடத்துச் சுற்றறிக்கைகளின் குவியல். சில விதிகள் கோப்பில் இருக்கும். சில, நிரலில் மட்டுமே இருக்கும். எழுதியவர் ஓய்வு பெற்றிருப்பார். அந்த விதி ஏன் வந்தது என்று கேட்க ஆள் இருக்காது.

ரயில்வே இதைத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு நல்ல வழியில் சமாளித்தது. உள்ளே இருப்பதை உடைக்காமல் வெளியே புதிதாகக் கட்டினார்கள். 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியது. 2014 ஏப்ரலில் அதன் முகப்பு முழுவதையும் கிரிஸ் புதிதாக எழுதியது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் தாங்கியது 7,200 என்றானது. பின்னால் இடம் ஒதுக்கியது அதே காண்சர்ட்தான். இரவு 11.45 மணியிலிருந்து 12.20 வரை ஐஆர்சிடிசியில் டிக்கெட் போட முடியாதே, கவனித்திருக்கிறீர்களா? அந்த இடைவெளியில்தான் பின்னால் உள்ள சிஸ்டம் அன்றைய கணக்கை முடித்து மறுநாளுக்குத் தயாராகிறது.

ஆனால் இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. முன்பதிவு அமைப்பு இட்டானியம் சர்வர்களில், ஓபன்விஎம்எஸ் இயங்குதளத்தில் ஓடுவதாக ரயில்வே அமைச்சரே 2025-இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். இட்டானியம் சிப்புகளை இன்டெல் கடைசியாக அனுப்பியது 2021 ஜூலையில். மொழி சாகாவிட்டாலும் அதை ஓட்டும் இரும்பு செத்துவிட்டது. உதிரிபாகம் கிடைக்காத எஞ்சினை எத்தனை காலம் ஓட்டுவது? அதனால்தான் 2025 ஜூனில் புதிய அமைப்பை அறிவித்தார்கள். நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறன் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், விசாரணைகள் 4 லட்சத்திலிருந்து 40 லட்சம் ஆகும் என்பது அறிவிப்பு. அந்த டிசம்பருக்குள் முடிப்பதாக இலக்கும் வைத்தார்கள்.

வேகம் தேவைதான். ஆனால் எனக்குக் கவலை நிமிடக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில் இருக்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் அத்தனை வாடிக்கையாளரையும் புதிய அமைப்புக்கு மாற்றியது. 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். பிற்பாடு கட்டிய அபராதம் 4.86 கோடி பவுண்டு. 1994-இல் கிரிஸ் செய்தது இதற்கு நேர் எதிர். ஒரு மையம், அது நிலைத்ததும் அடுத்தது. நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து வருடம் அதற்குத்தான். மேலும் ஒரு பழக்கம் உண்டு: பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஒரே கோரிக்கையை இரண்டுக்கும் கொடுத்து, விடைகள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பது. மெதுவான வேலை, செலவும் அதிகம். ஆனால் நிரலுக்குள் மட்டுமே வாழும் விதிகள் வெளியே வர இதைவிட நம்பகமான வழி இல்லை.

புதிய மொழிக்குப் போவதா வேண்டாமா என்பது இனிமேல் கேள்வியே இல்லை. போயே ஆக வேண்டும். எந்த மொழி என்பதும் இரண்டாம்பட்சம். பழைய நிரலுக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் மனிதர்களுக்கும் தெரியும்படி எழுதப்பட்டுவிட்டனவா என்பதுதான் முதல் கேள்வி.

இது ரயில்வேக்கு மட்டும் இல்லை. கூட்டுறவுச் சங்கம், அரிசி மண்டி, நிதி நிறுவனம், கல்லூரி அலுவலகம் என்று ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கணக்கு இன்னும் ஓடுகிற இடங்கள் நம் ஊர்களில் நிறைய. ஃபாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2015 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒன்று இருந்தால், புதிய சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம் பேசுவதற்கு முன், அதில் தினமும் வேலை பார்க்கும் மூத்த கிளார்க்கை உட்கார வைத்து, ஒவ்வொரு விதியையும் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் செய்யுங்கள்.

(தொடரும்)