199 டாலர் கைப்பேசியின் உண்மை விலை

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆப்பிள் கம்பெனியின் ‘ஐபோன் 3ஜி’ என்னும் கைப்பேசி இந்தியக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. 8 ஜி.பி. கொள்ளளவு கொண்ட கைப்பேசியின் விலை 31,000 ரூபாய். விலையைக் கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். ஏனென்றால், அதே கைப்பேசியை அமெரிக்காவில் 199 டாலருக்கு விற்கிறார்கள் என்று அவர்கள் முன்பே படித்திருந்தார்கள். அந்நாளில் ஒரு டாலரின் மதிப்பு ஏறத்தாழ 43 ரூபாய். 199-ஐ 43-ஆல் பெருக்கிப் பாருங்கள். 8,557 ரூபாய்தான் வருகிறது!

அதே கருவி, அதே கொள்ளளவு. ஓரிடத்தில் எட்டாயிரத்துச் சொச்சம், மற்றோரிடத்தில் முப்பத்தோராயிரம். இறக்குமதி வரி, விற்பனை வரி ஆகியவற்றைச் சேர்த்தாலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் வர நியாயமில்லை. அப்படியானால் இதில் அடங்கியுள்ள மர்மம் என்ன?

விடை எளியதுதான். 199 டாலர் என்பது அந்தக் கைப்பேசியின் விலையே அன்று. அது முதல் தவணை மட்டுமே. மீதியை வாங்கியவர் இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் கட்டினார். ஆனால் தாம் கைப்பேசிக்காகத் தவணை கட்டுகிறோம் என்பது அவருக்கே தெரியாதபடி அது மறைந்திருந்தது. அது எவ்வாறு மறைந்திருந்தது என்பதையும், அதைக் கண்டுபிடிக்க உங்கள் பள்ளிக் கணிதமே போதும் என்பதையும் இனிக் காண்போம்.

ஒப்பந்தம் என்பது என்ன?

நம் நாட்டில் பெரும்பாலோர் கைப்பேசியை ஒரு கடையில் வாங்குகிறோம். சிம் அட்டையை வேறொரு கம்பெனியிடம் வாங்கிப் பொருத்திக் கொள்கிறோம். கைப்பேசிக்கு ஒரு விலை, பேசுவதற்கு ஒரு கட்டணம் என்று இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன.

அமெரிக்காவில் நெடுங்காலம் வழக்கம் வேறாக இருந்தது. அங்கே தொலைபேசிச் சேவை தரும் கம்பெனியே கைப்பேசியையும் விற்றது. கைப்பேசியின் முழு விலையில் பெரும் பகுதியைக் கம்பெனி தன் கையிலிருந்து போட்டது. வாங்குபவர் சிறு தொகையைக் கொடுத்தால் போதும். ஆனால், ‘இரண்டு ஆண்டுகள் உங்கள் கம்பெனியிலேயே இருப்பேன், மாதந்தோறும் இவ்வளவு கட்டணம் செலுத்துவேன்’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். கம்பெனி தான் போட்ட பணத்தை மாதக் கட்டணத்தின் வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

நம் ஊர்த் தெருக்களில் தவணைக்குப் பாத்திரமும் சேலையும் விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு நேர்மை உண்டு. இவ்வளவு கட்டியாயிற்று, இவ்வளவு பாக்கி என்று சிட்டையில் எழுதித் தருவார்கள். அமெரிக்க ஒப்பந்தத்தில் அந்தச் சிட்டை இல்லை. மாத ரசீதில் கைப்பேசிக் கடனும் பேச்சுக் கட்டணமும் ஒன்றாகக் கலந்திருந்தன.

பாதி விலையா, கூடுதல் விலையா?

முதல் ஐபோன் 2007 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. 8 ஜி.பி. கைப்பேசியின் விலை முதலில் 599 டாலராக இருந்து, அவ்வாண்டு செப்டம்பரில் 399 டாலராகக் குறைக்கப்பட்டது. 2008-இல் வந்த ஐபோன் 3ஜி-யின் விலை 199 டாலர். வேகம் இரு மடங்கு, விலையோ பாதி என்று ஆப்பிள் கம்பெனி விளம்பரம் செய்தது.

இரண்டையும் அமெரிக்காவில் விற்றது ஏ.டி. அண்ட் டி. என்னும் தொலைபேசிக் கம்பெனி. இரண்டுக்குமே இரண்டாண்டு ஒப்பந்தம் உண்டு. இனி மாதக் கட்டணத்தைப் பாருங்கள். முதல் ஐபோனுக்குக் குறைந்த அளவு மாதக் கட்டணம் 60 டாலர். ஐபோன் 3ஜி-க்கு அது 70 டாலர். (கடைகளில் 59.99 என்றும் 69.99 என்றும் எழுதியிருப்பார்கள். நாம் முழு எண்ணாகக் கொள்வோம். வரிகளையும் விட்டுவிடுவோம்.) மாதம் பத்து டாலர்தானே என்று தோன்றும். பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள்:

முதல் ஐபோன்: 399 + (60 × 24) = 1,839 டாலர்
ஐபோன் 3ஜி: 199 + (70 × 24) = 1,879 டாலர்

பாதி விலைக்கு வந்த கைப்பேசி 40 டாலர் கூடுதலாகச் செலவு வைத்தது! இது மட்டுமன்று. முதல் ஐபோனின் கட்டணத்திலேயே மாதம் 200 குறுஞ்செய்திகள் அடங்கியிருந்தன. புதிய கட்டணத்தில் அவை இல்லை. வேண்டுமானால் மாதம் 5 டாலர் தனியே கட்ட வேண்டும். அதையும் கூட்டினால் இன்னும் 120 டாலர். மொத்தம் 1,999.

புதிய கைப்பேசி அதிக வேகமுள்ள இணையத் தொடர்பைத் தந்தது என்பது உண்மையே. அந்த வேகத்துக்கு ஒருவர் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் ‘விலை பாதியாயிற்று’ என்று மகிழ்ந்து வாங்கியவர், தாம் முன்னைவிட அதிகமாகக் கொடுக்கப் போகிறோம் என்பதை உணர்ந்திருப்பாரா? யானை மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தால் போதாது. அதைக் கட்டித் தீனி போடும் செலவையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இரண்டு நேர்கோடுகள்

இப்போது 2013-ஆம் ஆண்டுக்கு வருவோம். அப்போது விற்பனையில் இருந்தது ஐபோன் 5. இதில் 16 ஜி.பி. கைப்பேசியை ஒப்பந்தம் ஏதுமின்றி ஆப்பிள் கடையில் வாங்கினால் விலை 649 டாலர். வெரைசன் என்னும் கம்பெனியிடம் இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் வாங்கினால் 199 டாலர். வெரைசனின் மாதக் கட்டணம், 1 ஜி.பி. இணையத்துடன் சேர்த்து, 90 டாலர். அதே ஆண்டு டி-மொபைல் என்னும் கம்பெனி, சொந்தக் கைப்பேசியுடன் வருபவருக்கு, 2.5 ஜி.பி. இணையத்துடன் மாதம் 60 டாலர் கட்டணத்தில் ஒப்பந்தமில்லாத சேவை அளித்தது.

மாதங்களின் எண்ணிக்கையை ‘ம’ என்று கொள்வோம். மொத்தச் செலவு வருமாறு:

ஒப்பந்தத்துடன்: 199 + 90ம
ஒப்பந்தமின்றி: 649 + 60ம

இவை நீங்கள் வகுப்பில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடுகளே. வரைபடத் தாளில் கிடை அச்சில் மாதங்களையும், செங்குத்து அச்சில் டாலர்களையும் குறித்து இரு கோடுகளையும் வரையுங்கள். முதல் கோடு தாழ்வான இடத்தில் தொடங்குகிறது. ஆனால் அதன் சாய்வு அதிகம். இரண்டாவது கோடு உயரத்தில் தொடங்குகிறது, சாய்வு குறைவு. ஆகவே எங்கோ ஓரிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டியே தீர வேண்டும். அது எங்கே?

199 + 90ம = 649 + 60ம
30ம = 450
ம = 15

பதினைந்தாம் மாத முடிவில் இருவரும் 1,549 டாலர் செலவழித்திருப்பார்கள். அதற்குப் பிறகு ஒப்பந்தக்காரர்தான் அதிகம் கொடுக்கிறார். 24 மாதங்கள் முடியும்போது அவர் செலவு 2,359 டாலர். மற்றவர் செலவு 2,089 டாலர். வித்தியாசம் 270 டாலர்.

கடை அலமாரியில் தொங்கும் விலைச்சீட்டு, கோடு தொடங்கும் புள்ளியை மட்டுமே காட்டுகிறது. சாய்வைக் காட்டுவதில்லை. நம் பணப்பையைக் காலி செய்வது சாய்வுதான்.

இது எத்தனை வட்டி?

ஒப்பந்தக்காரர் தொடக்கத்தில் 450 டாலர் குறைவாகக் கொடுத்தார். அதற்கு ஈடாக 24 மாதங்கள் மாதம் 30 டாலர் கூடுதலாகக் கட்டினார். ஆக 450 டாலர் கடனுக்கு 720 டாலர் திருப்பிக் கொடுத்தார் எனலாம். கூட்டு வட்டி முறைப்படி கணக்கிட்டால், இது நூற்றுக்கு மாதம் 4-க்குச் சற்று மேற்பட்ட வட்டியாகிறது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ‘நாலு வட்டி’! நாலு வட்டிக்குக் கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கு என்றால் நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு கம்பெனிகளும் எல்லா வகையிலும் சமமானவை அல்ல. வெரைசனின் அலைவரிசை எட்டிய ஊர்கள் அதிகம். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. எனவே 30 டாலர் முழுவதையும் வட்டிக் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆனால் அதில் எவ்வளவு கைப்பேசிக்கு, எவ்வளவு அலைவரிசைக்கு என்று ரசீது பிரித்துக் காட்டவில்லை என்பதே இதில் உள்ள குறை.

இதனால் இன்னும் இரண்டு விளைவுகள் உண்டாயின. ஒன்று: இரண்டாண்டு முடிந்து கைப்பேசிக் கடன் தீர்ந்த பிறகும் மாதக் கட்டணம் குறையவில்லை. மூன்றாம் ஆண்டும் அதே 90 டாலரைக் கட்டியவர், தீர்ந்துபோன கடனுக்குத் தொடர்ந்து தவணை கட்டிக்கொண்டிருந்தார். மற்றொன்று: பழைய கைப்பேசியையே வைத்துக்கொண்டு அத்தகைய கம்பெனியில் சேர்ந்தவரும் அதே கட்டணம் கட்டினார். சிக்கனமாக இருந்தவர், புதியது வாங்கியவரின் செலவில் ஒரு பங்கைச் சுமந்தார் என்று பொருள்.

நடுவில் விலகினால்?

பதினைந்து மாதங்களுக்கு முன்பே ஒப்பந்தத்தை விட்டு விலகிவிட்டால் இலாபந்தானே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். கம்பெனிகளும் அதை நினைத்துப் பார்த்திருந்தன. 2009 நவம்பரில் வெரைசன், ஸ்மார்ட்போன் ஒப்பந்தத்தை முறிப்பவர்களுக்கான கட்டணத்தை 350 டாலராக உயர்த்தியது. ஒவ்வொரு மாதம் முடிந்ததும் அதில் 10 டாலர் குறையும்.

ஓராண்டில் விலகியவரின் கணக்கைப் பார்ப்போம். முறிவுக் கட்டணம் 350 – 120 = 230 டாலர். ஆகவே மொத்தம் 199 + 1,080 + 230 = 1,509 டாலர். ஒப்பந்தமின்றி இருந்தவருக்கு அதே ஓராண்டில் ஆன செலவு 649 + 720 = 1,369 டாலர்தான். 23 மாதங்கள் கட்டிவிட்டுக் கடைசி மாதத்தில் விலகினாலும் 120 டாலர் தண்டம் உண்டு. இதனாலேயே, ஊர் மாறியவர்களும் சேவை பிடிக்காதவர்களும் கூட எளிதில் விலக முடியவில்லை.

சிட்டை வெளியே வந்தது

2013 மார்ச்சில் டி-மொபைல் இந்த ஒப்பந்த முறையைக் கைவிட்டது. ஐபோன் 5-க்கு முன்பணம் ஏறத்தாழ 100 டாலர். பிறகு மாதம் 20 டாலர் வீதம் 24 தவணைகள். பேச்சுக் கட்டணம் தனி. கைப்பேசியின் விலை 580 டாலர் என்பது இப்போது எவர் கண்ணுக்கும் தெரிந்தது. இருபத்தைந்தாம் மாதம் அந்த 20 டாலர் ரசீதிலிருந்து மறைந்துவிடும். மற்றக் கம்பெனிகளும் இவ்வழிக்கு வந்தன. வெரைசன் 2015 ஆகஸ்டிலும், ஏ.டி. அண்ட் டி. 2016 ஜனவரியிலும் புதிய இரண்டாண்டு ஒப்பந்த விற்பனையைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன.

ஆயினும் பழைய வழக்கம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. இன்றும் அமெரிக்கக் கம்பெனிகள் ‘இலவசக் கைப்பேசி’ என்று விளம்பரம் செய்கின்றன. மாதத் தவணையை ரசீதில் ஒரு வரியில் கூட்டி, அடுத்த வரியில் கழித்துவிடுகின்றன. ஆனால் அந்தக் கழிவு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்குப் பரவியிருக்கும். நடுவில் விலகினால் மிச்சக் கழிவு கிடைக்காது. அதிகக் கட்டணமுள்ள திட்டத்தில்தான் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் பலவற்றில் உண்டு. சட்டைதான் புதிது.

நம் வீட்டுக் கணக்கு

இது அமெரிக்கர்களின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். நம் கடைகளில் ‘வட்டியில்லாத் தவணை’ என்ற அறிவிப்பைக் காணாதவர் யார்? 2013-இல் இந்திய ரிசர்வ் வங்கி, வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று உண்மையில் கிடையாது என்றும், வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைந்து நிற்கிறது என்றும் வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்குக் கிடைக்காமற்போனால், அந்தத் தள்ளுபடித் தொகையே வட்டிதான்.

தவணை முறை தீயது என்று சொல்ல வரவில்லை. கையில் முழுத் தொகை இல்லாத குடும்பத்துக்கு அது உதவியாக இருக்கலாம். ஆனால் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும். இன்று எவ்வளவு கட்ட வேண்டும்? மாதம் எவ்வளவு, எத்தனை மாதம்? நடுவில் நிறுத்தினால் எவ்வளவு? விடைகளைக் கொண்டு மொத்தச் செலவைக் கணக்கிட்டு, ரொக்க விலையுடன் ஒப்பிடுங்கள்.

முடிவாக, உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கைப்பேசியைத் தவணையில் வாங்கினால் மாதம் 2,000 ரூபாய் வீதம் 12 மாதங்கள் கட்ட வேண்டும்; ஆவணச் செலவு 199 ரூபாய்; ‘வட்டி இல்லை’ என்கிறார் கடைக்காரர். ரொக்கமாகக் கொடுத்தால் அவர் அதையே 22,500 ரூபாய்க்குத் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இல்லாத அந்த வட்டி எவ்வளவு? கண்டுபிடித்து, அடுத்த முறை வீட்டில் எதையேனும் தவணையில் வாங்கப் பேச்செழும்போது பெற்றோருக்கும் போட்டுக் காட்டுங்கள்.