பழையனூர் நீலியைப் படிக்கும் முறை

பேய்க்கதை என்றவுடன் அது கல்லாதார் பேச்சென ஒதுக்குவோர் உளர். ஒதுக்குமுன், தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டையும் அதனை அடுத்த பழையனூரையும் சார்ந்து எழுந்த நூல்களை அவர்கள் வரிசையாகக் கற்றல் நன்று. ஓரூர்ப் பேய் காலந்தோறும் எத்துணை வேடங்கொண்டது என்பது அப்பொழுது புலனாகும்.

முதலிற் கற்கத்தக்கது காரைக்காலம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். வற்றிய உடலும் குழிந்த கண்ணுமாய்ச் சுடுகாட்டில் அலையும் பேய்களின் நடுவே இறைவன் ஆடுகின்றான். அம்மையார் தம்மையும் பேயென்றே கூறிக்கொள்கின்றார். ஆகவே அங்கே பேய் அஞ்சத்தக்க பொருளன்று. அம்மையார் வரலாற்றுக்கு ஆறுமுகநாவலரின் பெரியபுராண வசனத்தை (1852) உடன்வைத்துக் கொள்ளலாம்.

பழையனூர்ப் பேயோ வேறுவகை. கணவனாற் கொலையுண்ட பெண்ணொருத்தி பேயாகி, மறுபிறப்பில் வணிகனாய்ப் பிறந்த அவனைத் தொடர்கின்றாள்; கள்ளிக்கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் தன் கணவனென்று ஊரவைமுன் முறையிடுகின்றாள். வணிகன் அஞ்சி அலறவும், வேளாளர் எழுபதின்மர் அவன் கைவாளை வாங்கி வைத்து, அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக வாக்களித்து, இருவரையும் ஓரறையில் விடுகின்றனர். விடியுமுன் வணிகன் மாள்கின்றான். எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். தீப்பாய்ந்த இடமென ஓரிடம் அவ்வூரில் இன்றும் காட்டப்படுகின்றது.

இக்கதையின் குறிப்பு ஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே உண்டு. எனவே ஏழாம் நூற்றாண்டிலேயே அது பழங்கதை. உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் இதனை வேளாளரின் சொற்பிழையாமைக்குச் சான்றாக்குகின்றது. அங்கே நீலி வஞ்சகி மட்டுமே. அவள் முன்னர்க் கொலையுண்டவள் என்பதை மறவாதிருப்பது தென்பாண்டி வில்லுப்பாட்டுத்தான். ஏட்டிற் கற்பார் இதனையும் செவிமடுத்தல் வேண்டும்.

யாவரினும் துணிந்தவர் நீலகேசி இயற்றிய சமணப் புலவர். முனிவரொருவரை அச்சுறுத்தச் சென்ற பழையனூர் நீலி, அவரால் தெளிவு பெற்று, பிறசமயவாதிகளை வாதில் வெல்லுந் தருக்கியாகின்றாள். உயிரென ஒன்றில்லை எனச் சாதித்த பூதவாதிக்கு அவள் தன் பழைய பேயுருவையே காட்டுகின்றாள்! தருக்கநூல்களில் இத்தகைய விடை அருமை. சமயதிவாகரவாமன முனிவர் உரையுடன் அ. சக்கரவர்த்தி 1936 இல் இதனைப் பதிப்பித்தார். வாதப்பகுதி கடினமாகத் தோன்றுவோர் முதற் சருக்கத்தையும் இறுதிச் சருக்கத்தையுமேனும் படிக்கலாம்.

ஒப்புநோக்க மணிமேகலையின் சக்கரவாளக்கோட்டம் உரைத்த காதை உதவும். பூம்பூகார்ச் சுடுகாட்டிற் பேயைக் கண்டஞ்சிய சார்ங்கலன் என்னுஞ் சிறுவன் ஓடிவந்து உயிர்விடுகின்றான். அவன் தாய் கோதமி முறையிட, பேய் உயிருண்ணாது, வினையே உண்டதெனத் தெய்வம் விடை கூறுகின்றது. மகனை இழந்தவளுக்கு அவ்விடை எவ்வளவு ஆறுதலளித்திருக்கும் என்பது வேறு வினா.

இறுதியாகப் புதுமைப்பித்தனின் காஞ்சனையை (1943) வைத்துக்கொள்க. சுடுகாடும் இல்லை, ஊரவையும் இல்லை. பிச்சை கேட்டு வந்தவளை ஓர் எழுத்தாளனின் மனைவி இரக்கத்தால் வீட்டில் அமர்த்திக் கொள்கின்றாள். வந்தவள் பேயோ பெண்ணோ என்பதைக் கதை முடியும்வரை எவரும் சொல்லார்.