கிணறு தாண்டி நீந்த

தருமபுரிப் பக்கம் யாரிடமாவது நீச்சல் எங்கே பழகினீர்கள் என்று கேட்டால், "கிணத்துலதான்" என்று பதில் வரும். முதுகில் காய்ந்த சுரைக்காயையோ பிளாஸ்டிக் கேனையோ கட்டி, மாமாவோ சித்தப்பாவோ தண்ணீருக்குள் தள்ளிவிட்டு, பின்னாலேயே தானும் குதிப்பார். நாலைந்து நாளில் கேன் அவிழ்ந்துவிடும். அதன்பிறகு பல்டிதான், முங்குநீச்சல்தான்.

இப்படிப் பழகிய ஒருவர் ஏரியிலோ நீர்த்தேக்கத்திலோ கடலிலோ ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் நீந்த ஆசைப்பட்டால் என்ன செய்யவேண்டும்?

கிணறு கொடுத்ததை முதலில் குறைத்து எண்ணாதீர்கள். நகரத்து நீச்சல்குளத்தில் மட்டும் பழகியவர்கள் காலுக்கு அடியில் தரை தெரியாத இடத்துக்கு வந்ததும் மிரண்டுபோவார்கள். மூச்சு தாறுமாறாகும், கை கால் விறைக்கும். கிணற்றுக்காரருக்கு அந்தப் பயம் பத்து வயதிலேயே போய்விட்டது. இருட்டான தண்ணீரும், உள்ளே போகப்போக ஏறும் குளிர்ச்சியும் அவருக்குப் புதிதல்ல.

அவருக்கு இல்லாதது நீளம். முப்பது நாற்பது அடி அகலக் கிணற்றில் பத்துக் கை வீசினால் எதிர்ச்சுவர் வந்துவிடும். அதனால் தலையை நீருக்கு மேலே தூக்கியபடியே நீந்துவது பழக்கமாகிவிடுகிறது. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். உடம்பு சாய்வாக நின்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். கிணற்றில் இது உறைக்காது. இருநூறு மீட்டரிலேயே தோள் கழன்றுவிடும்போதுதான் தெரியும்.

எனவே முதல் வேலை, முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை நீருக்குள்ளேயே விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழகுவது. இதற்கு நீச்சல்குளமும் பயிற்சியாளரும் வேண்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் தன் குளங்களில் கோடையில் நீச்சல் வகுப்புகள் நடத்துகிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரித்தால் வகுப்பு தொடங்கும் தேதி தெரிந்துவிடும். மூச்சை வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டிலும் இழுக்கப் பழகுங்கள். ஏரியில் ஒரு பக்கம் வெயில் கண்ணைக் கூசவைக்கும், அல்லது அலை வாயில் அடிக்கும். அப்போது மறுபக்கம்தான் கைகொடுக்கும்.

25 மீட்டர் குளத்தில் 40 நீளம் போனால் ஒரு கிலோமீட்டர். ஆனால் ஒவ்வொரு முனையிலும் சுவரை உதைத்துத் தள்ளுகிறோமே, அது ஒரு சின்ன ஓய்வு. ஏரியில் சுவர் கிடையாது. குளத்தில் ஒன்றரைக் கிலோமீட்டரை நிற்காமல், களைப்பில்லாமல் போக முடிகிறவர்தான் வெளியே ஒரு கிலோமீட்டரைப் பற்றி நினைக்கலாம் என்பது என் கணக்கு. சுவரைத் தொடாமல் ஒரு முழத்துக்கு முன்பே திரும்பி நீந்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கும், ஏரியின் அடியில் கலங்கல்தான். நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே வளைந்து போவோம். கரையில் உயரமான ஒரு பொருளை, ஒரு பனைமரத்தையோ கோயில் கோபுரத்தையோ, குறியாக வைத்துக்கொண்டு, எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி எட்டிப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் இதை முதலைக் கண் என்கிறார்கள். காவிரிக் கரைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

முதலை என்றதும் ஒகேனக்கல் ஞாபகம் வரும். மாவட்டத்தில் தண்ணீர் என்றாலே அதுதானே. ஆனால் நீந்தப் பழக அது இடமே அல்ல. பாறை இடுக்குகளில் தண்ணீர் ஆளை உள்ளே இழுக்கும், சுழல் எங்கே என்று மேலிருந்து தெரியாது. காவிரியில் முதலைகள் உண்டு, அங்கேயே வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கர்நாடகத்தில் கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேர்கிறது. வானம் வெளுத்திருக்கும் நாளில்கூட ஆறு ஏறும். பெருவெள்ளத்தில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேலும் வருவதுண்டு. ஒரு கனஅடி ஏறக்குறைய 28 லிட்டர். அப்படியானால் ஒவ்வொரு நொடியும் 28 லட்சம் லிட்டர். குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டால், அதை மீறி ஓரத்தில் ஒரு முங்கு போடலாம் என்று நினைப்பது வீரமல்ல.

ஒகேனக்கல்லைத் தாண்டிய காவிரி மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரிகிறது. 1934இல் முடிந்த அணை அது. 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. நீர் பிடிக்கும். பென்னாகரம் வட்டத்து நாகமரை, ஒட்டனூர் பக்கமெல்லாம் அந்த நீர்ப்பரப்புதான். எதிர்க்கரை சேலம் மாவட்டம். பார்வைக்கு நெடுந்தூர நீச்சலுக்கென்றே வெட்டிவைத்த மாதிரி இருக்கும். ஆனால் மீனவர்கள் விரித்த வலை நீருக்குள் எங்கே கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நீர்மட்டம் ஏறி இறங்குவதால் சென்ற மாதம் கரையாக இருந்த முள்மரம் இந்த மாதம் உங்கள் வயிற்றுக்குக் கீழே இருக்கலாம். நீர்வளத்துறை அனுமதி இல்லாமலும், வழி தெரிந்த பரிசல்காரர் கூட வராமலும் அங்கே இறங்கக்கூடாது.

நம் ஊருக்கென்று இன்னொரு ஆபத்து உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் குளிரைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். நம் எதிரி சூடு. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல்நீச்சல் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்துபோனார். வயது 26, உலகத் தரமான வீரர். அன்று கடல் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் காணாமல் போனதே மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின்தான் தண்ணீர் 31 டிகிரிக்கு மேல் இருந்தால் போட்டி கூடாது என்ற விதி வந்தது. தண்ணீருக்குள்ளும் வியர்க்கும். ஆனால் வியர்ப்பது தெரியாது. சித்திரை வைகாசியில் மேல்தண்ணீர் கொதித்துக் கிடக்கும், அந்த மாதங்களில் விடிந்ததும் இறங்கி ஏழரைக்குள் ஏறிவிடுங்கள்.

கிரிப்பன் கதையில் என்னை உறுத்துவது சூடு மட்டுமல்ல, யாரும் பார்க்கவில்லை என்பதும்தான். நீச்சல் சங்கத்தில் சேரச் சொல்வதும் அதற்காகவே. கோப்பைக்கும் டீஷர்ட்டுக்கும் அல்ல, கரையில் நின்று தலைகளை எண்ண ஒரு ஆள் வேண்டும் என்பதற்காக. சேரும் முன் சில கேள்விகள் கேளுங்கள். உயிர்காப்பாளர் உண்டா? எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர்? இறங்கியவர், ஏறியவர் பெயரை எழுதும் பதிவேடு இருக்கிறதா? இதயம், வலிப்பு பற்றி விசாரித்து மருத்துவச் சான்று கேட்கிறார்களா? சான்று கேட்காத சங்கம் உங்களுக்கு வசதிதான், ஆனால் அங்கே சேராதீர்கள்.

தருமபுரியில் ஏற்ற சங்கம் அமையாவிட்டால் சேலம் பக்கத்தில்தான், பெங்களூரு காலையில் கிளம்பினால் போய்வரும் தூரம். பசவனகுடி நீச்சல் மையம் போன்ற பெயர்பெற்ற இடங்கள் அங்கே உண்டு. அல்லது நீங்களே தொடங்கலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். கிணற்றில் ஒன்றாகப் பல்டி அடித்த கூட்டத்திலேயே ஏழு பேர் தேறுவார்கள். அவர்களுக்கு ஒரு சொல்: கிணற்றில் இறங்குமுன் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கசியும் மின்சாரம் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.

கடல் இல்லாத ஊரிலிருந்து என்ன பெரிதாகச் செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்குத் தேனி இருக்கிறது. மலையும் அணையுமாக உள்ள அந்த ஊரிலிருந்து வந்த ஜெய் ஜஸ்வந்த் 2019 மார்ச்சில், பத்து வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் பத்தரை மணி நேரத்தில் நீந்தி வந்தான். 1994இல் அதே பாக் நீரிணையைப் பன்னிரண்டு வயதில் கடந்தவர் குற்றாலீஸ்வரன். இரண்டு பேருமே தனியாகப் போகவில்லை. பக்கத்தில் படகு, படகில் பயிற்சியாளர்.

முதல் நாள் வெளித்தண்ணீருக்குப் போகும்போது தூரத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் தொப்பி, இடுப்பில் கயிற்றோடு இழுபடும் காற்று மிதவை, அக்குளிலும் கழுத்திலும் வாசலின். கரைக்கு இணையாக, ஆள் எட்டும் ஆழத்துக்குப் பக்கத்திலேயே, இருநூறு மீட்டர் போய்த் திரும்புங்கள். நடுவில் ஒருமுறை மல்லாந்து மிதந்து, மூச்சு சீராகும்வரை வானத்தைப் பாருங்கள். யாராவது தத்தளித்தால் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, மூடிய வெறும் கேன், எது கையில் கிடைக்கிறதோ அதை வீசுங்கள். மழை பெய்து கலங்கல் வந்த நாளிலும், இடி முழங்கும் நாளிலும் போகவே வேண்டாம். ஏறியதும் காதைத் துடைத்து, உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு குடித்து, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே குறி போட்டுவிட்டு, பிறகு டீக்கடைக்குப் போகலாம்.