பிள்ளைகளின் மூட்டுவாதக் காய்ச்சலும் பிந்தி வரும் பெற்றோரும்

குருநகரிலிருந்து என்னிடம் அழைத்து வரப்படும் பிள்ளைகளுள், முழங்கால் வீங்கிய நாளிலேயே வருபவர்கள் அரியர். எண்ணெய் பூசி, பற்றுப் போட்டு, கட்டுக் கட்டி, கண்ணூறு கழித்து, வீக்கம் தானாக வற்றியபின் நிம்மதியடைந்து, சில வருஷங்கள் சென்று, தொடர்மாடியின் படியேற மூச்சு வாங்குகிறது என்று வருபவர்களே அதிகம். சில பெண்பிள்ளைகளோ அதற்கும் பிந்தி, கல்யாணமாகி முதற் கர்ப்பம் தரித்த பின்னரே, தம் இருதய வால்வு சுருங்கியிருப்பதைக் கிளினிக்கில் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

ஏறாத மாடிப்படி

வைத்திய ஆராய்ச்சியாளரின் கீர்த்தியை, அவர் பிரசுரித்த கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணி நிறுக்கும் வழக்கம் இந்நாளில் வலுத்திருக்கிறது. அந்தத் தராசிலும் கனத்து நிற்பவர் பொஸ்ரன் நகரத்து டக்கற் ஜோன்ஸ். மூட்டுவாதக் காய்ச்சலை எந்த லட்சணங்களால் நிர்ணயிப்பது என்று 1944இல் அவர் எழுதிய கட்டுரையே, பல திருத்தங்களுடன் இன்றளவும் உலகெங்கும் அடிப்படையாக உள்ளது. எனினும், அவரும் எட்வேட் பிளாண்டும் 1951இல் வெளியிட்ட கட்டுரையே என் மனத்தை அதிகம் உறுத்துவது. நோயுற்ற 1,000 பிள்ளைகளை இருபது வருஷம் விடாது கண்காணித்த அவர்கள், அதற்குள் சுமார் 300 பேர் இறந்ததையும், தொடக்கத்தில் இருதயம் பழுதற்றிருந்த பலருக்குப் பின்னாளில் வால்வு நோய் தோன்றியதையும் பதிவு செய்தனர்.

1963இல் புதுடில்லியிலிருந்து சுஜோய் ரோய், ராமலிங்கசுவாமி முதலியோர் லான்செற் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, மேல்நாடுகளில் நடுவயதினரின் நோயாகக் கருதப்பட்ட வால்வுச் சுருக்கம், நமது பிராந்தியத்தில் இருபது வயது நிரம்பாதவரையும் பீடிப்பதை எடுத்துக்காட்டியது. ஜோன்ஸ் முக்கிய லட்சணமாகக் கொண்ட மூட்டுநோவைப் பிற்காலத் திருத்தங்கள் கீழே தள்ளின. 2015ஆம் ஆண்டுத் திருத்தமோ, நோய் மலிந்த நாடுகளின் பிள்ளைகளுக்கு ஒரே மூட்டின் வீக்கமும், பல மூட்டுகளின் நோவுங்கூட முக்கிய லட்சணமாகலாம் என்று ஏற்றது. எடுத்தாண்டவர் தொகை எவ்வளவாயினும், மூட்டு வீக்கம் இருதயத்தைத் தாக்கும் நோயின் குறியாகலாம் என்ற செய்தி தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு இன்னும் ஏறவில்லை என்பதே என் விசனம்.

“வளருகிற வயசு, அப்படித்தான் நோகும்”

இத்தீர்ப்பை வழங்க எல்லா வீட்டிலும் ஓர் ஆச்சி இருக்கிறார். வளர்ச்சிப் பருவத்து நோ இரவிலே இரு கால்களிலும் வந்து, விடிந்ததும் மறைந்து, பிள்ளையை ஓடியாட விட்டுவிடும். வீக்கமும் காய்ச்சலும் அதற்கு இல்லை. மூட்டுவாதக் காய்ச்சலிலோ, தொண்டை நோ தணிந்து இரண்டு மூன்று வாரங்கள் சென்றபின், ஒரு மூட்டுச் சிவந்து வீங்கி, தொடவும் விடாமல் நொந்து, அது வற்றும்போதே மற்றொன்று வீங்கத் தொடங்கும்.

இந்த இடப்பெயர்ச்சியே நம்மவரை ஏமாற்றுகிறது. முழங்கால் வற்றியது பற்றினாலும் மந்திரித்த நூலினாலும் என்று நம்புகிறார்கள். எவரும் தொடாவிட்டாலும் அது வற்றியே தீரும், ஆனால் இருதயத்தில் விழுந்த தழும்பு வற்றாது. முறிவு நெரிவு வைத்தியர் எலும்பு முறிவில் கைதேர்ந்தவராயிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. விழாமலும் அடிபடாமலும் வீங்கிய மூட்டை உருவித் தேய்ப்பதால் பயனில்லை, நாட்கள்தாம் வீணாகும்.

“வாதம் கிழடுகளுக்கல்லவா வரும்?” என்பார் சிலர். ஐந்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட வயதிலேயே இக்காய்ச்சல் பெரும்பாலும் தோன்றுகிறது. 1897இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்பவர் 22 பிள்ளைகளை ஆராய்ந்து எழுதிய நெடுநாள் மூட்டழற்சி வேறு. அது காலையில் மூட்டை விறைக்கச் செய்து, ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்து, சில வேளைகளில் நோவே இன்றிக் கண்ணையும் கெடுத்துவிடும்.

நல்ல கையெழுத்துடைய பிள்ளையின் எழுத்துத் திடீரெனக் கோணி, கோப்பை கைதவறி, முகம் சுளித்து, காரணமின்றி அழுகை வந்தால், பேய்க்கோளாறு என்று தண்ணீர் ஓதுவதும், குறும்பு என்று ஆசிரியர் பிரம்பெடுப்பதும் ஒருங்கே பாவம். அது மூளையைத் தொட்ட அதே நோய். தொண்டை நோ மறந்துபோய்ப் பல மாதங்களுக்குப் பின்னும் வரும்.

மீதி வைத்த மாத்திரை

கொத்தமல்லித் தண்ணீரைப் பிள்ளை குடிக்கட்டும், நான் தடுப்பவனல்லன். ஆனால், இக்காய்ச்சலுக்கு வித்திடும் தொண்டை நோவைத் தருகிற ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியை அது கொல்லும் என்று எவர் சொன்னார்? துண்டுச்சீட்டின்றி வாங்கிய அமொக்சிசிலினை இரண்டு நாள் கொடுத்து, தொண்டை தெளிந்ததும் மீதியைத் தங்கைக்கென்று அலுமாரியில் வைக்கும் சிக்கனத்தை என்னால் பொறுக்க முடிவதில்லை. பத்து நாள் என்றால் பத்து நாள்தான். இக்கிருமியால் வந்த தொண்டை நோவுக்கு ஒன்பது நாட்களுக்குள் தக்க மருந்தைத் தொடங்கினால் இக்காய்ச்சலைத் தடுக்கலாம். தொண்டை நோக்களிற் பெரும்பாலானவை வைரசினால் வருபவை, அவற்றுக்கு அம்மருந்து வேண்டியதில்லை. எது எது என்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர்.

டைக்குளோபினாக், ஐபுபுரூபன் முதலிய நோ மாத்திரைகளை முன்கூட்டிக் கொடுப்பதில் இரட்டைத் தீங்குண்டு: மூட்டு மூட்டாகத் தாவும் லட்சணத்தை அவை மறைத்துவிடும், மாரி காலத்தில் வந்த காய்ச்சல் டெங்குவாக இருந்துவிட்டால், இரத்தப்போக்கிலே கொண்டுபோய் விடும். காய்ச்சலுக்குப் பனடோல் போதும், அதுவும் நிறைக்கேற்ற அளவில்.

ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள்

இரத்தப் பரிசோதனை, ஈசீஜீ, எக்கோ ஆகியவற்றால் நோய் நிர்ணயமாகும்.

அதன்பின் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சதீன் பென்சிலின் ஊசி. இருதயம் தப்பியிருந்தாலும் ஐந்து வருஷமோ இருபத்தொரு வயது வரையோ, எது நீண்டதோ அதுவரை. வால்வு பழுதாயின் பத்து வருஷமோ நாற்பது வயது வரையோ, சிலருக்கு ஆயுள் முழுவதும். ஊசி நோகும், உண்மை. அது உடலைச் சூடாக்கும், பெண்பிள்ளைக்குப் பிள்ளைப்பேற்றை நிறுத்தும் என்பவை வெறும் கதைகள். தாய்மாரே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்: பிள்ளை சுகமாய் ஓடித் திரிகிறது என்பதற்காக ஊசியைத் தவறவிடாதீர்கள்; அடுத்த தொண்டை நோவோடு நோய் திரும்பி வந்தால், முன்பு தப்பிய வால்வு இம்முறை தப்பாமற் போகலாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதெனில் முதலிலேயே சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. பல் பிடுங்கப் போனால் பல் வைத்தியரிடமும் நோயைச் சொல்லுங்கள். கடற்றொழிலுக்காகக் குடும்பத்தோடு மன்னாருக்கோ முல்லைத்தீவுக்கோ பெயர நேர்ந்தால், வலையோடும் பாத்திரங்களோடும் கிளினிக் கொப்பியையும் எடுத்துச் சென்று, அடுத்த ஊசியின் திகதியை அங்குள்ள ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள்.