வளவுக்குள் வள்ளம் திருத்துவோர் கவனத்திற்கு

1990 ஜூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய விவசாயக் குடும்பங்கள், தோட்டமில்லாத இடங்களில் கிடைத்த கூலிவேலைகளைச் செய்தே பிள்ளைகளை வளர்த்தன. கரையோரத்தில் ஒதுங்கியவர்களில் சிலர் வலை தெரியவும் வள்ளம் திருத்தவும் பழகினார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் கையளிக்கப்பட்டதும் அந்தப் பக்கத்துக் கரைகளில் மீண்டும் வள்ளங்கள் ஏறின. உடைந்த பைபர் வள்ளத்தை வீட்டு வளவுக்குள் இழுத்து வைத்துத் திருத்துவது இன்று பல குடும்பங்களுக்குக் கைச்செலவுக்கு உதவும் தொழில். அதில் எழும்பும் தூளைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

பைபர் வள்ளம் எமக்குப் புதிதல்ல. நோர்வே நாட்டவரின் உதவியுடன் 1967இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் இவ்வகை வள்ளங்களைக் கட்டியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னர் உதவியாகக் கிடைத்தவற்றிலும் பைபர் வள்ளங்களே அதிகம். மரவள்ளத்தைச் சீவிய தூளைக் கூட்டி அள்ளி அடுப்பில் போடலாம். பைபர் தூளை அப்படிச் செய்ய முடியாது. அது தலைமயிரை விட மெல்லிய கண்ணாடி இழையும் இறுகிய றெசினும் சேர்ந்த பொடி. பெரிய இழைகள் தோலில் குத்திக் கடியை உண்டாக்கும், கண்ணை உறுத்தும். கண்ணுக்குத் தெரியாத மென்பொடியோ நெஞ்சின் அடிவரை போகும். கடிக்கிற தூளுக்குப் பயப்படுகிறோம், கடிக்காத தூளை மறந்துவிடுகிறோம்.

தூளைப் பிடிப்பதிலும் பார்க்க அதை உண்டாக்காமல் விடுவது சுலபம். ஒட்டுப் போட்ட றெசின் கல்லாக இறுகுமுன் தோல்போல இருக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தில் கூரிய கத்தியால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இழையை வெட்டிவிட்டால் மறுநாள் கிறைண்டர் பிடிக்கும் வேலை பாதியாகக் குறையும். ஈரமான ஒட்டின்மேல் பொலித்தீன் தாளை விரித்துக் காற்றுக் குமிழ் இல்லாமல் தடவிவிடுவது இன்னொரு வழி. தாளை உரிக்கும்போது மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும், பிசுபிசுப்பும் இராது. மேடு பள்ளமாக அப்பிவிட்டுப் பிறகு தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று நினைப்பவர்களே அதிக தூளைத் தின்கிறார்கள்.

ஆனாலும் ஓரிடத்தில் தூள் தவிர்க்க முடியாதது. ஒட்டு பிடிக்க வேண்டுமானால் உடைந்த ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அந்தச் சரிவின் அகலம் பலகைத் தடிப்பின் பன்னிரண்டு மடங்கு என்பது பொதுவான கணக்கு. 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால் உடைவைச் சுற்றி 72 மில்லிமீற்றர். இதற்குப் பெரும்பாலும் கிறைண்டர்தான் வேண்டும். மெதுவாக, கரடான தட்டைப் போட்டுத் தேய்த்தால் மென்பொடி குறையும். கடைசி மினுக்கலுக்கு, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்பு மண்கடதாசியைக் கையால் பிடியுங்கள். நனைந்த தூள் பறக்காது. கவனம்: தண்ணீரும் மின்சாரக் கருவியும் ஓரிடத்தில் கூடாது. நனைத்த இடத்தில் மறுபடி றெசின் பூசுவதானால் நல்ல தண்ணீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் றெசின் ஒட்டாது.

மூக்கில் கட்டும் லேஞ்சியோ சேலைத் தலைப்போ மென்பொடியைத் தடுக்காது. 2020இன் நோய்க்காலத்தில் நாம் போட்ட நீலத்துணி முகக்கவசமும் ஓரங்களால் தூளை உள்ளே விடும். என்-95 வகைதான் வேண்டும். முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. அதுவும் தூளைத்தான் தடுக்கும், றெசினின் காரமான மணத்தை அல்ல. அந்த மணம் ஸ்ரைறீன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2018இல் அதை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என நம்பப்படும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. ஆகவே றெசின் வேலையைக் கொட்டிலுக்குள் அல்ல, காற்றோட்டமான வெளியில் செய்யுங்கள்.

காற்றைப் பற்றி விவசாயிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மருந்தடிக்கும்போது எந்தப் பக்கம் நிற்பீர்களோ அதே கணக்குத்தான் இங்கும். சோளகத்தில் ஒரு பக்கம், வாடையில் மறுபக்கம் வள்ளத்தைத் திருப்பி வையுங்கள். குசினியும் கிணறும் பிள்ளைகள் விளையாடும் இடமும் காற்றின் எதிர்ப்புறம் இருக்கட்டும். வள்ளத்துக்கு அடியில் பழைய தறப்பாள் ஒன்றை விரியுங்கள். முகாம் வாழ்க்கை எமக்குத் தறப்பாளின் அருமையைக் கற்பித்திருக்கிறது! தூளைக் காய்ந்த விளக்குமாறால் கூட்ட வேண்டாம். தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கால் துடைத்து எடுங்கள்.

சேர்ந்த தூளையும் வெட்டிய துண்டுகளையும் உரப்பையில் போட்டுக் கட்டிப் பிரதேச சபைக் கழிவு வண்டியில் கொடுங்கள். எரித்தால் நச்சுப்புகை வரும், கண்ணாடி இழையோ எரியாமல் எஞ்சும். கருவி கழுவிய அசற்றோனைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். எங்கள் நிலத்தடி சுண்ணக்கல். அதன் வெடிப்புகளால் எதுவும் விரைவாகக் கீழே இறங்கும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்து குடிதண்ணீருக்கு மக்கள் பட்ட பாட்டை 2014, 2015 ஆண்டுகளில் எல்லோரும் கண்டோம்.

வேலை முடிந்ததும் தோலைத் தேய்க்காமல் முதலில் தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். தேய்த்தால் இழை உள்ளே ஏறும். தோலில் நிற்கும் இழையை ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி உரித்தெடுக்கலாம். வேலை உடுப்பை வாசலில் கழற்றி வையுங்கள். அதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்போடு சேர்த்து ஒரே வாளியில் ஊறவைக்கக் கூடாது. கடி அவர்களுக்கும் வரும்.