காணாத முகமும் கேட்ட குரலும்

பூரணை இரவுகளிலே கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் செவியை வைப்போர், வாவியின் அடியிலிருந்து எழும் ஓர் இன்னொலியைக் கேட்பர். அதனைப் பாடுமீன் என்கிறோம். பாடும் உயிரைக் கண்டவரைக் காண்பது அரிது. ஆயினும் அது எம்முடையது என்று சொல்ல மட்டக்களப்பார் எவரும் தயங்கியதில்லை. முகங் காணாத ஒரு நடிகரையும் எம்மவர் இவ்வாறே உரிமையாக்கிக் கொண்டனர்.

அவர் கே. எஸ். பாலச்சந்திரன். 1944 ஆம் ஆண்டிலே வடமராட்சிக் கரவெட்டியிற் பிறந்தவர். 2014 பெப்ரவரி 26 ஆம் நாள் கனடாவின் ரொறன்ரோ நகரிலே காலமானவர். சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியிலே தொடர் நாடகமாக வந்தபோது சோமு என்னும் பாத்திரத்தை ஏற்று நடித்தவர். ‘வாடைக்காற்று’ முதலிய திரைப்படங்களிலும் தோன்றினார். எனினும் எங்களூர்ப் பெண்களுக்கு அவர் என்றென்றும் சோமுவே.

அக்காலத்தில் யான் சிறுவன். எங்கள் வீட்டிலே வானொலி இல்லை. மாமி வீட்டில் இருந்தது. நாடகம் தொடங்கும் வேளையிலே அயல் வீட்டுப் பெண்கள் பாய் இழைக்கும் பன்னையும் கையோடு எடுத்துக்கொண்டு அங்கு வந்துவிடுவர். சோமுவின் குரல் தளர்ந்தால் இழைக்கும் விரல்களும் நின்றுவிடும். நாடகம் முடிந்த பின்னரும், அவன் குடும்பத்துக்கு இனி என்ன நேருமோ என்று தம் வீட்டுக் கவலைபோற் பேசிக்கொண்டே கலைவர்.

இது எளிதான செயலன்று. எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்தர்க்கு முடியும் உடையும் உண்டு. மத்தளமும் ஆட்டமும் துணை நிற்கும். வானொலி நடிகனுக்கோ குரல் ஒன்றே உடை, குரல் ஒன்றே ஆட்டம்.

பண்டிதப் பயிற்சி பெற்றுத் திரும்பிய பின்னர் யான் அந்நாடகங்களை மதித்தேனல்லேன். பேச்சுவழக்கு மாணவர் எழுத்தைக் கெடுக்கும் என்று கருதினேன். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ என்னும் தனிநடிப்பைப் பின்பற்றிப் பஸ் நடத்துநர்போற் கூவிய மாணவனை வகுப்பிலே எழுப்பி நிறுத்தினேன். “அண்ணை என்பது யாழ்ப்பாணத்துக் கொச்சை, நமக்கு அது எதற்கு?” என்று கடிந்தேன். அவர் எழுதிய ‘வாத்தியார் வீட்டில்’ என்னும் வானொலித் தொடரும் இந்த வாத்தியாரின் மனத்தை மாற்றவில்லை.

அவர் மறைந்த செய்தியை நாளிதழிலே கண்ட அன்று, முதுமையாற் பார்வை மங்கியிருந்த மாமியிடம் சென்று சொன்னேன்.

“ஆர் மனே அது?” என்றார்.

“தணியாத தாகத்திலே சோமுவாக நடித்தவர், மாமி.”

சிறிது நேரம் மாமி பேசவில்லை. பின்னர், “அட, நம்மட சோமுவா?” என்றார். கண் கலங்கியது.

‘நம்மட’ என்னும் அச்சொல் என்னைச் சுட்டது. மாமி கரவெட்டியைக் கண்டவரல்லர். சோமுவின் பேச்சிலே ‘மனே’ என்னும் எங்கள் விளி இல்லை. யான் அயலூர்க் கொச்சை என்று ஒதுக்கிய குரலை, எழுத்தறியாத அம்மூதாட்டி தம் வீட்டுக் குரலாக நெஞ்சிலே காத்திருந்தார்.

தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை வகுத்தபோது இயற்சொல்லோடு திசைச்சொல்லையும் சேர்த்தே வைத்தார். பல்லாண்டுகள் பாடஞ் சொன்ன யான் அதனை நூற்பாவாக மட்டுமே அறிந்திருந்தேன். கரவெட்டியின் திசைச்சொல் மட்டக்களப்பு இல்லங்களிலே இயற்சொல்லாகிவிட்டதை அன்றுதான் உணர்ந்தேன். வடக்கையும் கிழக்கையும் கேள்வியால் இணைத்த அத்தொண்டை இலக்கணம் மட்டும் கற்பித்து யான் செய்திருக்க இயலாது.

மாமியும் இன்று இல்லை. யான் கடிந்த அம்மாணவனோ இப்போது ஆசிரியன். அண்மையில் அவனைக் கல்லடிப் பாலத்திலே கண்டபோது, விடைபெறும் வேளையில் யானே “அண்ணை, றைற்!” என்றேன். அவன் திகைத்தான், பின் வாய்விட்டுச் சிரித்தான். சோமுவுக்கு யான் செலுத்திய அஞ்சலி அதுவே.