சந்தா கேட்டுப் போனது யார்?

சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. "வியாபாரிகளிடம் ஒற்றுமை இல்லை" என்று மேடையில் இருந்த நாம் எல்லோரும் மாறி மாறிப் பேசினோம். வந்திருந்தவர்கள்தான் அந்த ஏச்சை வாங்கிக்கொண்டார்கள். வராதவர்கள் காதில் அது விழவில்லை.

மறுவாரமே ஒரு சில்லறை மளிகைக் கடைக்காரர் நம் மண்டிக்கு வந்தார். கையில் ஜி.எஸ்.டி. நோட்டீஸ். ஆறு மாதமாகக் கணக்கு தாக்கல் செய்யவில்லை, பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். "அண்ணாச்சி, சங்கத்துல சொல்லி ஏதாவது செய்யுங்க" என்றார். பதிவேட்டைப் புரட்டினால் மூன்று வருடச் சந்தா பாக்கி.

செயற்குழுவில் வாக்குவாதம் நடந்தது. "சந்தா கட்டாதவருக்குச் சங்கம் எதற்கு?" என்றார்கள் சிலர். உண்மையைச் சொன்னால் நாமும் அந்தப் பக்கம்தான். கடைசியில் தலைவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சங்கத்து ஆடிட்டரிடம் அனுப்பினோம். விட்டுப்போன கணக்குகளைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்து பதிலும் கொடுத்தபின் பதிவு தப்பியது.

நன்றி சொல்ல வந்தவரிடம் சந்தாப் பேச்சை எடுத்தோம். "மூணு வருஷமா யாரும் வந்து கேக்கலையே அண்ணாச்சி. எங்கப்பா தவறினப்பகூடச் சங்கத்துலருந்து ஒரு மாலை வரலை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் உறைத்தது. அவர் தகப்பனார் முப்பது வருடம் நம்மிடம் சரக்கு எடுத்தவர்.

வணிகப் பெருமக்களே, முன்னோர்கள் இதை எப்படி நடத்தினார்கள் என்று பார்க்க வேண்டும். மகமை என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வியாபாரமாகும் சரக்கில் ஒரு சிறு தொகையைப் பொதுக் காரியத்துக்கு ஒதுக்குவது மகமை. விருதுநகரில் நாடார் உறவின்முறையார் 1889-ல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். அதற்காக வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி போடும்முன் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியை வீடு வீடாகப் போய்ச் சேகரித்தார்கள். 1954-ல் முதலமைச்சரான காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர்.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று, கொடுத்தது ஒரு பிடிதான். ஆனால் கொடுத்தவருக்கு அது நம் பள்ளி ஆயிற்று. இரண்டு, கேட்டு வாங்க ஒருவர் வாசலுக்கு வந்தார். வாசலுக்கு வருகிறவருக்கு அந்த வீட்டு நல்லது கெட்டது தெரியும்.

அது ஒரு சமூகத்தாரின் ஏற்பாடு; உறவே அவர்களைச் சேர்த்து வைத்தது. நம் சங்கத்தில் எல்லாச் சமூகத்தாரும் எல்லா மதத்தாரும் இருக்கிறோம். நம்மைச் சேர்த்து வைப்பது தராசு ஒன்றுதான். ஆகவே நிர்வாகிகள் இன்னும் அதிகமாக நடந்தாக வேண்டும். நாமோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உறுப்பினர் வரவில்லையே என்று குறைப்பட்டோம்.

இனிச் செய்ய வேண்டியதைச் செயற்குழுவில் வைத்திருக்கிறோம். நிர்வாகி ஒவ்வொருவரும் ஒரு தெருவை ஏற்று, மாதம் ஒரு முறை கடை கடையாகப் போக வேண்டும். வரவு செலவை மாதாமாதம் சங்க வாசலில் ஒட்ட வேண்டும். எந்தப் பதவியிலும் இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் இருக்கக் கூடாது. பன்னிரண்டு வருடமாகப் பொருளாளராக இருக்கும் நாமே முதலில் விலகி, இளையவர் ஒருவருக்கு இடம் விடுகிறோம்.

அந்தக் கடைக்காரர் மூன்று வருடப் பாக்கியையும் கட்டிவிட்டார். அவர் தெருவுக்குச் சந்தா வசூலிக்க அவரையே கேட்டோம். சரி என்றிருக்கிறார். முதல் மாதம் அவரோடு நாமும் நடக்கிறோம்.